ஆணை வரும் வரை

பாபநாசத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பதினொரு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, அடமானம் என்று எல்லாமும் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. நான்கெல்லை எழுதும்போது வடக்கைத் தெற்காக அடித்துவிட்டால் ஒரு குடும்பம் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடக்கும். அதனால் காகிதம் என்றால் எனக்கு எப்போதும் ஒரு பயம். அந்தப் பயம்தான் என்னைக் கெட்டிக்காரி ஆக்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை வந்த அந்த மழைக்காலத்தில் அதே பயம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனபோது நாங்கள் தத்தெடுக்கப் பதிவு செய்தோம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. என் கணவர் தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அதிகம் பேசாத மனிதர். எல்லாம் ஆன்லைன் பதிவு. ஆதார், பான், கல்யாணச் சான்று, வருமானச் சான்று, இருவருக்கும் மருத்துவச் சான்று, எங்களை நன்றாகத் தெரிந்த இருவரின் கடிதம். பிறகு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்தார். அடுப்படியைப் பார்த்தார், கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார், எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார். அறிக்கை ஏற்றப்பட்டது. அதன் பிறகு காத்திருப்பு. வரிசையில் எங்கள் எண் மாதம் ஒருமுறை கொஞ்சம் நகரும். சில மாதம் நகராது. ஏறக்குறைய நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

ஓர் ஐப்பசி மாதக் காலையில், ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நடுவில் இருந்தபோது, போனில் செய்தி வந்தது. பெண் குழந்தை. மூன்று மாதம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அன்று மதியமே கணவர் விடுப்புப் போட்டு வந்துவிட்டார். போட்டோவில் குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போட்டோவையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் மருத்துவ அறிக்கையைப் படித்தேன். தொழில் புத்தி. கடைசி வரியில் இருந்தது: இதயத்தில் லேசான முணுமுணுப்பு ஒலி கேட்கிறது, ஆறு வாரத்துக்குள் குழந்தைகள் இதய மருத்துவரிடம் காட்டி எக்கோ எடுக்கவும்.

பாபநாசத்தில் எங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் போனைக் காட்டினோம். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நிறையப் பிள்ளைங்களுக்கு இருக்கும். சின்ன ஓட்டை ஏதாவது இருந்தாலும் பாதிக்கு மேல தானா அடைச்சுக்கும். ஆனா எக்கோ எடுத்துடுங்க, விட்டுடாதீங்க," என்றார்.

அன்று மாலையே சம்மதம் கொடுத்தோம்.

குழந்தை இருந்த இல்லம் சீர்காழியைத் தாண்டி. குத்தாலம் வழியாகக் காரில் போனோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த சம்பா வயல்கள், வரப்பு தெரியாமல் தண்ணீர். ஓட்டுநர் ரேடியோவை அணைத்துவிட்டுச் சாலையையே பார்த்து ஓட்டினார். இல்லத்தில் பொறுப்பாளர் அம்மா ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். குழந்தையை என் மடியில் வைத்த பிறகு எங்கள் இருவரிடமும் எட்டு இடங்களில் கையெழுத்து வாங்கினார். கடைசிக் கையெழுத்துக்குப் பிறகு சொன்னார்:

"இந்த நிமிஷத்திலேர்ந்து இவ உங்க வீட்டுல இருப்பா. ஆனா கலெக்டர் ஆர்டர் வர்ற வரைக்கும் சட்டப்படி எங்க பிள்ளைதான். ஏதாவது ஒண்ணுன்னா முதல்ல எனக்குத்தான் போன் பண்ணணும். சரியா?"

"சரிங்கம்மா," என்றேன். "ஏதாவது ஒண்ணு" என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வரும் வழி முழுவதும் அது காதில் இருந்தது.

*

எங்கள் வீட்டில் நோய்க்கும் நிலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. என் மாமனார் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தார். அவர் போனபோது குடமுருட்டிப் பாசனத்தில் எங்களுக்கென்று இருந்த நஞ்சை முழுதும் போயிருந்தது. அந்தக் கிரயப் பத்திரத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். அதற்குப் பிறகுதான் என் கணவர் முதல் வேலையாக மருத்துவக் காப்பீடு எடுத்தார். வருடம் தவறாமல் புதுப்பிப்பார். பாலிசிக் காகிதத்தை நகை இருக்கும் இடத்தில் வைப்பார்.

குழந்தை வந்த நான்காம் நாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். கணவரோடு படித்தவர், என்னை அக்கா என்பார். பிள்ளைக்கு ஒரு சின்ன வெள்ளி அரைஞாண் வாங்கி வந்திருந்தார். கட்டிவிட்டுக் கொஞ்சினார். பிறகு பாலிசியில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது.

"ஆர்டர் இல்லாம சேர்க்க முடியாதுக்கா. தத்து ஆர்டர் காப்பி, அதை வச்சு எடுத்த பிறப்புச் சான்று, ரெண்டும் வேணும். எப்ப வரும்?"

"ரெண்டு மாசம்னு சொல்றாங்க," என்றேன்.

மருத்துவ அறிக்கையையும் காட்டினேன். அவர் கடைசி வரியைப் படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அவருடைய குரல் இறங்கியது.

"எக்கோ எடுத்தாச்சா?"

"இனிமேதான். அடுத்த வாரம் தஞ்சாவூர் போகணும்."

"அவசரப்படாதீங்க. இப்ப இது வெறும் ஒரு சத்தம். டாக்டர் காதுல கேட்டது. எக்கோ எடுத்தீங்கன்னா அது பேர் வச்ச நோயாயிடும். பாலிசியில சேர்றதுக்கு முன்னாடியே இருந்த நோய். அப்புறம் ஆபரேஷன்னு வந்தா வருஷக்கணக்கா அதுக்கு ஒத்த பைசா வராது. ஆர்டர் வரட்டும், பேரைச் சேர்ப்போம், அப்புறம் எடுங்க. ஃபாரத்துல ஒரு கேள்வி வரும், ஏதாவது குறை இருக்கான்னு. இல்லைன்னு போட்டுடலாம்."

என் கணவர் பிள்ளையைப் பார்த்தபடி கேட்டார்: "டாக்டர் ஆறு வாரம்னு சொல்லியிருக்காரேடா."

"ஆறு வாரம் எட்டு வாரமானா என்ன ஆயிடும்? தூங்குறா பாரு, ராணி மாதிரி."

அவர் போன பிறகு கணவர் என்னிடம் திரும்பினார். "நீ என்ன சொல்ற? காகிதம் உனக்குத்தான் தெரியும்."

இந்த இடத்தை நான் மறைக்கக் கூடாது. அவர் எக்கோ எடுத்துவிடலாம் என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். முகத்தில் தெரிந்தது. நான்தான் சொன்னேன்: "ஆர்டர் வந்துடட்டுமே."

*

தத்து ஆணைக்கான விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் வழியாகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போயிற்று. மூன்றாம் வாரம் ஃபைல் திரும்பி வந்தது. ஒரு சான்றில் பிறந்த தேதியின் கடைசி எண் ஒன்று, இன்னொன்றில் ஏழு. யாரோ கையால் எழுதிய ஒன்றுக்குத் தலையில் ஒரு கோடு நீண்டுவிட்டிருந்தது, அதை இன்னொருவர் ஏழு என்று தட்டியிருந்தார். அதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஊரார் பத்திரங்களில் இதைவிடச் சின்ன பிசகையெல்லாம் பிடித்திருக்கிறேன். இதைப் பார்க்கவில்லை. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்தார் திருத்தக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டியதாயிற்று.

அதற்குள் மழை வலுத்தது. வாய்க்கால்கள் உடைந்தன. சம்பாப் பயிர் கழுத்து வரை தண்ணீரில் நின்றது. கலெக்டர் அலுவலகத்தில் எல்லாரும் வெள்ள வேலைக்குப் போய்விட்டார்கள். திருத்திய ஃபைலோடு நான் போனபோது அந்தப் பிரிவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, போனில் எந்த ஊரில் எத்தனை ஏக்கர் மூழ்கியது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"வச்சுட்டுப் போங்கம்மா. தண்ணி வடியட்டும்," என்றார்.

ஆறு வாரம் முடிந்தது. எனக்கு அந்தத் தேதி நன்றாகத் தெரியும். காலையில் காலண்டர் தாளைக் கிழித்தேன். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இட்லியைத் தின்றோம். அடுத்த அறையில் அவள் சிணுங்கும் சத்தம் கேட்டது, இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்க்கும். மழைக்காலம், வீடே ஈரமாகக் கிடக்கிறது, நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன், அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். அழகாக இருக்கிறது என்று ஒரு போட்டோகூட எடுத்தேன். பிறகு பாதிப் பாலில் நிறுத்த ஆரம்பித்தாள். நான்கு வாய் குடிப்பாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி நான்கு வாய். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அழுகையும் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சமர்த்துப் பிள்ளை என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வருவதைப் பார்த்தேன். டவலை எடுத்து மூடினேன். ஏன் மூடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏஜென்ட் வாரம் ஒருமுறை போன் செய்வார். "ஆர்டர் வந்துச்சாக்கா? நடுவுல எந்த ஆஸ்பத்திரியிலயும் சீட்டுப் போடலையே?" என்பார். "இல்லை," என்பேன். ஏதோ குற்றத்தில் சேர்ந்து நடக்கிறவர்களைப் போலப் பேசிக்கொள்வோம். அவர் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எங்களைக் காப்பாற்ற நினைத்தார், அவ்வளவுதான்.

*

மார்கழி பிறந்த வாரத்தில் தடுப்பூசி போட கிராமச் செவிலியர் வீட்டுக்கு வந்தார். நடுவில் சளி இருந்ததால் தள்ளிப்போன ஊசி. மழையில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார், புடவை முழங்கால் வரை சேறு. தொங்கும் தராசில் அவளைப் போட்டார். முள்ளைப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி போட்டார். தன் நோட்டில் போன தடவை எடையைத் தேடினார்.

"ஏறவே இல்லையே," என்றார்.

பிறகு அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, சட்டையை மேலே ஏற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் உதடு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது.

"அக்கா, மூச்சு நிமிஷத்துக்கு எழுபதுக்கு மேல போகுது. இந்தப் பிள்ளைக்கு நெஞ்சுல ஏதாவது இருக்குன்னு சொன்னாங்களா?"

"லேசா ஒரு சத்தம்னு சொன்னாங்க."

"பெரிய டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது. "காட்டிட்டோம். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பிள்ளை கிடைக்கக் காத்திருந்து வாங்கிய ஒருத்தி அப்படிப் பொய் சொல்வாள் என்று நினைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு ஊசி வேண்டாம் என்று பெட்டியை மூடினார். "எதுக்கும் மறுபடி ஒரு தடவை காட்டுங்கக்கா. நாளைக்கே," என்று வாசலில் நின்று சொன்னார். செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு திரும்பவும் ஒரு முறை சொன்னார்.

அவர் போன பிறகு மருத்துவ அறிக்கையை எடுத்து மேஜையில் விரித்தேன். காப்பீட்டு ஃபாரத்தின் மாதிரி ஒன்றை ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அதையும் பக்கத்தில் வைத்தேன். ஒன்பதாம் கேள்வி: சேர்க்கப்படும் நபருக்குப் பிறவிக் குறை அல்லது நோய் ஏதும் உண்டா? இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் வந்து, இல்லாத வாரிசை இருக்கிறதாகவும் இருக்கிற வாரிசை இல்லாததாகவும் அடித்துக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். எழுந்து போகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதுவதற்காக நான் ஒரு பிள்ளையின் மூச்சை ஒன்றரை மாதமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலில் அவள் முழித்துக்கொண்டு கிடந்தாள். அழவில்லை. அழுவதற்குத் தெம்பில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

கணவருக்குப் போன் செய்யவில்லை. செய்தால், நீதானே சொன்னாய் என்று அவர் கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அவளைத் துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து, தஞ்சாவூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "பிள்ளைக்கு உதடு ஏன் இப்படி இருக்கு, குளிருதா?" என்று கேட்டாள். அய்யம்பேட்டை வருவதற்குள் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். உள்ளே ஏதோ சின்னதாக, மிக வேகமாக, ஓடிக்கொண்டே இருந்தது.

*

எக்கோ எடுத்த மருத்துவர் ஒரு இளம் பெண். இருட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரம்... இல்லைங்க. ஒரு மாசம் இருக்கும்."

"இதுல ஆறு வாரத்துல எடுக்கச் சொல்லியிருக்கு. ஏன் எடுக்கல?"

நான் உண்மையைச் சொன்னேன். இன்சூரன்ஸ், ஆர்டர், எல்லாம். அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"கீழ் ரெண்டு அறைக்கு நடுவுல ஓட்டை இருக்கு. பெருசு. தானா அடையாது. இதயம் ரொம்பக் கஷ்டப்படுது. இன்னைக்கே அட்மிட் பண்ணி மருந்து ஆரம்பிக்கணும். எடை கொஞ்சம் ஏறினதும் ஆபரேஷன். கையெழுத்து யார் போடுவீங்க?"

"நான் போடுறேன்."

"நீங்க அம்மாவா?"

சட்டப்படி நான் அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை. பொறுப்பாளர் அம்மாவின் எண்ணை அழுத்தினேன். ஏதாவது ஒண்ணுன்னா முதலில் செய்யச் சொன்ன போனை ஒன்றரை மாதம் கழித்துச் செய்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார், அட்மிட் செய்யச் சம்மதம் சொன்னார், "நான் கிளம்பிட்டேன்," என்று வைத்துவிட்டார். அதன் பிறகுதான் கணவருக்குச் சொன்னேன். கிரீஸ் கையோடு இருபது நிமிடத்தில் வந்து நின்றார்.

பொறுப்பாளர் அம்மா வந்தபோது நாலு மணி ஆகிவிட்டது. பாதை முழுக்கத் தண்ணீர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வார்டுக் கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், புறங்கையில் ஊசி. வெளியே பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இதை நான் சொல்லியாகணும், அது என் கடமை. ஆர்டர் இன்னும் வரல. பிள்ளைக்கு இப்படின்னு தெரிஞ்ச பிறகு முடியாதுன்னா நீங்க திருப்பி ஒப்படைக்கலாம். தப்பில்ல. எழுதிக் குடுத்தாப் போதும்."

நான் பயந்தது தாளுக்கு இல்லை. என் கணவர் கையை நீட்டி அதை வாங்கியதற்கு. வாங்கி, வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம்தான். ஆனால் வெகுநேரம் வாசித்தார். நர்ஸ்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை. எக்கோவை நிறுத்தி வைத்தவள் நான். விற்றுப்போன நஞ்சை அவர் வீட்டு நிலம்.

"இதுல காரணம்னு ஒரு கோடு போட்டிருக்கே," என்று கடைசியில் கேட்டார். "அதுல என்னம்மா எழுதுவாங்க?"

"முடியலன்னு எழுதுவாங்க."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய்ப் படியிறங்கிப் போய்விட்டார். நான் போகவில்லை. அவர் திரும்பி வரமாட்டார் என்று நான் முழுதாக நம்பிய நேரம் அது. அரை மணி கழித்து மருந்துப் பையோடு வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் எப்போது எடுத்துப் போனார் என்று தெரியவில்லை.

பல மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவே, அவராகவே சொன்னார்: "அந்தக் கோட்டுல எழுத என்கிட்ட வார்த்தை இருந்துச்சு. ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருந்துச்சு. அதைப் பார்த்துதான் பயந்துட்டேன்."

*

பொறுப்பாளர் அம்மா அன்று கிளம்பும்போது சொன்ன ஒரு விஷயம் எங்களுக்கு அதுவரை தெரியாது. ஆர்டர் வராததால் அவள் இன்னும் அரசு பொறுப்பில் இருக்கும் பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகளின் இதய அறுவைச் சிகிச்சையை அரசே செய்யும். குழந்தைகள் நலக் குழுவின் கடிதமும் இல்லத்தின் கையெழுத்தும் போதும்.

"முதல் நாளே எனக்குப் போன் பண்ணியிருந்தா முதல் வாரத்துலயே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குடையை விரித்தபடியே சொன்னார். எந்தக் காகிதம் இல்லை என்று நாங்கள் ஒன்றரை மாதம் நடுங்கினோமோ, அது இல்லாமல் இருந்ததே அவளுக்கு நல்லதாக இருந்திருக்கிறது. பத்திரம் எழுதுகிறவளுக்கு இது தெரியவில்லை.

தை மாதம் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் அறுவை நடந்தது. உள்ளே போன ஐந்து மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கணவர் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து படித்தார். வெளியே வந்த மருத்துவர் முகக்கவசத்தை இறக்கி, "அடைச்சாச்சு. மூணு நாள் பார்க்கணும்," என்றார். மூன்று நாள் ஏழு நாள் ஆயிற்று. இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறி, எங்களைக் கண்ணாடிப் பக்கம் வரக்கூட விடவில்லை. ஏழாம் நாள் அவளை என் கையில் கொடுத்தபோது அவள் வீறிட்டு அழுதாள். முகம் சிவந்து, கால் உதைத்து, வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன்.

மாசியில் தண்ணீர் வடிந்து, தப்பிப் பிழைத்த சம்பாவை அறுத்துக்கொண்டிருந்தபோது, கலெக்டர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். விசாரணை பத்து நிமிடம் கூட இல்லை. "ஆபரேஷன் ஆன பிள்ளைன்னு ரிப்போர்ட்ல இருக்கு. தெரிஞ்சுதானே எடுக்குறீங்க?" என்று ஒரு கேள்வி. "தெரிஞ்சுதாங்க," என்றார் என் கணவர். ஆணை அடுத்த வாரம் கைக்கு வந்தது. ஒன்று, ஏழு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

ஏஜென்டைக் கூப்பிட்டு ஒன்பதாம் கேள்விக்கு "உண்டு" என்று எழுதி, எக்கோ, அறுவை, டிஸ்சார்ஜ் அறிக்கை எல்லாம் இணைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். காப்பீட்டு நிறுவனத்தின் பதில் ஒரு மாதத்தில் வந்தது. சேர்த்துக்கொள்கிறோம், இதயம் தொடர்பான எதற்கும் பொறுப்பில்லை. அந்தக் கடிதத்தைக் கணவர் நகை இருக்கும் இடத்தில் வைக்கவில்லை. கிச்சன் அலமாரியில் மற்ற ரசீதுகளோடு கிடக்கிறது.

இப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வருடம் ஒருமுறை எக்கோ. போன தடவை ஒரு வால்வைப் பற்றி மருத்துவர் ஏதோ சொன்னார், இப்போதைக்குக் கவலையில்லை, பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். "இப்போதைக்கு" என்ற சொல்லோடு நாங்கள் வாழப் பழகிவிட்டோம், அல்லது பழகியதாகச் சொல்லிக்கொள்கிறோம். அவள் வாசலில் ஓடிவிட்டு வந்து மடியில் விழும்போது நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

போன மாதம் எல்கேஜி சேர்க்கைக்குப் போனோம். பிறப்புச் சான்றில் அம்மா என்ற இடத்தில் என் பெயர். பிறந்த இடம் என்று போட்டிருக்கும் ஆஸ்பத்திரி வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. அவளைப் பெற்றவள் நான்தான் என்று சொல்லும் அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. எத்தனையோ பத்திரம் பார்த்த எனக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கோ ஒருத்தியின் பெயரை யாரோ சுத்தமாக அழித்துவிட்டார்கள் என்று தோன்றும்.

சேர்க்கை மேஜையில் இருந்த பெண் வேகமாக ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள்.

"நார்மலா, சிசேரியனா?"

மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைங்க," என்றேன்.

அந்தப் பெண் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கணவர் தொண்டையைக் கனைத்தார். நான் பையைத் திறந்து, ஆணையின் நகலை எடுத்து, மேஜையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.